மின்னாக்கி யந்திரத்தின் எண்ணெய் அளவுமானி: பழுதறிதலும் மாற்றிப் பொருத்துதலும்

மின்சாரம் தடைப்படும் வேளைகளில் பம்ப்புகளையும், பால் குளிரூட்டும் தொட்டிகளையும், கோழிக் கொட்டகைகளின் காற்றாடிகளையும் ஓட்டுவதற்கென்று ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கி யந்திரத்தை வாங்கி வைத்திருக்கும் விவசாயிகள் தற்காலத்தில் பலர் உளர். குடிநீர்த் தொட்டிகளை நிரப்புவதற்கு ஊராட்சிகளும் இதனைப் பயன்படுத்துகின்றன. யந்திரத்தைப் பேணுவோர் மசகெண்ணெயைப் பார்க்கிறார்கள். பாட்டரிக்கு நீர் ஊற்றுகிறார்கள். காற்று வடிகட்டியைத் தட்டித் துடைக்கிறார்கள். எரியெண்ணெய்த் தொட்டியின்மீது இருக்கும் சிறிய அளவுமானியை மட்டும் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. அதன் விலை யந்திரத்தின் விலையில் ஒரு சிறு பின்னமே. ஆயினும் அது பொய் சொல்லத் தொடங்கிவிட்டால், யந்திரம் எவ்வளவு உயர்ந்ததாயிருப்பினும் நடுநிசியில் கைவிட்டுவிடும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி வேதாரணியத்திற்கு அருகே கரை கடந்த கஜா புயலின்போது காவிரிப் பாசனப் பகுதியில் மின்கம்பங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. அந்நாட்களில் ஜெனரேட்டர்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று மேல்நிலைத் தொட்டிகளில் நீர் ஏற்றினார்கள். அத்தகைய சமயத்தில், முள் அரைத்தொட்டி என்று காட்டிக்கொண்டிருக்க எண்ணெய் முற்றிலும் தீர்ந்து எஞ்சின் நின்றுவிடுமாயின், நேரும் கஷ்டத்தை விரித்துக் கூற வேண்டுவதில்லை. பெட்ரோல் எஞ்சினாயின் எண்ணெய் ஊற்றிய மாத்திரத்தில் திரும்பவும் ஓடும். டீசல் எஞ்சின் அவ்வாறன்று. தொட்டி வற்றினால் குழாய்களிலும் பம்ப்பிலும் காற்றுப் புகும். காற்று அழுத்தத்தால் சுருங்கும் தன்மையுடையதாதலால், பம்ப்பு எவ்வளவு அழுத்தினும் நாஸிலின் வழியே எண்ணெய் பீச்சாது. காற்றை வெளியேற்றிய பின்னரே எஞ்சின் புறப்படும். அம்முறை இக்கட்டுரையின் இறுதியில் சொல்லப்படும்.

அளவுமானியின் வகைகள்

வழக்கத்தில் உள்ளவை மூன்று வகை. முதலாவது, தொட்டியின் பக்கத்தில் நிற்கும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாய். தொட்டியில் எண்ணெய் எவ்வளவு உயரம் உள்ளதோ அவ்வளவே குழாயிலும் நிற்கும். இதில் பொய்க்கு இடமில்லை. ஆனால் வெயிலில் பிளாஸ்டிக் மஞ்சளித்து இறுகி, ஒரு நாள் வெடிப்புக் கண்டு, தொட்டியிலுள்ள எண்ணெய் முழுவதையும் தரையில் கொட்டிவிடக் கூடும். மஞ்சளித்த குழாயை வெடிக்கும்வரை விட்டுவைத்தல் கூடாது. அதன் அடியில் ஒரு சிறு அடைப்பான் இருப்பது அவசியம்.

இரண்டாவது, சிறிய பெட்ரோல் யந்திரங்களில் தொட்டியின் மேற்புறத்தில் காணப்படும் முள் அளவுமானி. தொட்டிக்குள் ஒரு மிதவை. அதனைத் தாங்கும் கம்பிக் கை. மிதவை ஏறி இறங்க, கை அசைந்து முள்ளைத் திருப்பும். இதற்கு மின்சாரம் வேண்டாம். மூன்றாவது, பெரிய டீசல் யந்திரங்களில் உள்ள மின்சார அளவுமானி. இதிலும் மிதவை உண்டு. ஆனால் அதன் கை முள்ளைத் திருப்புவதற்குப் பதிலாக, ஒரு மின்தடையின்மீது ஊர்ந்து தடையின் அளவை மாற்றுகிறது. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் அத்தடையின் வழியே சென்று, பலகையிலுள்ள முள்ளை நகர்த்துகிறது. தொட்டிக்குள் உள்ள உறுப்பைச் 'சென்டர்' என்றும், பலகையில் உள்ளதை 'மீட்டர்' என்றும் மெக்கானிக்குகள் வழங்குவர். பிற்காலத்து யந்திரங்களில் முள்ளுக்குப் பதில் எண்களே தோன்றும்; உள்ளிருக்கும் சென்டர் பெரும்பாலும் அதே மாதிரியானதுதான்.

பழுது எங்கே என்று அறிதல்

அளவுமானியைக் கழற்றுமுன் அது மெய்யாகவே பழுதுற்றதா என்று தெளிய வேண்டும். சுத்தமான அலுமினியப் பட்டை ஒன்றைத் தொட்டியின் வாய்வழியே அடிவரை விட்டு எடுத்து, நனைந்த உயரத்தை முள் காட்டுவதுடன் ஒப்பிட்டால் போதும். மூங்கில் குச்சியை விடுதல் நன்றன்று. அதன் நார் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும்.

பெட்ரோல் யந்திரத்தின் முள் அளவுமானியில் நேரும் குறைகள் எளியவை. மிதவை ஓட்டையாகி எண்ணெய் உட்புகுந்தால் அது மிதவாமல் மூழ்கி, நிறைந்த தொட்டியையும் காலி என்று முள் காட்டும். கை வளைந்து தொட்டியின் சுவரில் சிக்கினால் முள் ஓரிடத்திலேயே நின்றுவிடும். இவ்விரண்டில் பின்னதே பொல்லாதது. காலியென்று காட்டும் முள்ளை நம்பி எண்ணெய் ஊற்றப் போகிறவன் தொட்டியைத் திறந்தவுடன் உண்மையைக் காண்பான். பாதியென்று காட்டிக்கொண்டே நிற்கும் முள்ளை யாரும் சந்தேகிப்பதில்லை.

மின்சார அளவுமானியில் பழுது நான்கு இடங்களில் ஏதேனும் ஒன்றில் இருக்கலாம்: சென்டர், மீட்டர், இரண்டையும் இணைக்கும் கம்பி, எர்த் எனப்படும் தரை இணைப்பு. அனுபவமில்லாதார் உடனே புது சென்டர் வாங்கிவிடுகிறார்கள்; பின்னர் பார்த்தால் துருப்பிடித்த எர்த் கம்பியே குற்றவாளியாக இருக்கும். எனவே முதலில் எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்த்து, இறுக்கிப் பார்ப்பது உசிதம். வண்ணம் பூசிய தொட்டி ரப்பர் கட்டைகளின்மேல் அமர்ந்திருந்தால், தொட்டியின் உடல் வழியாக எர்த் கிடைக்காது. தனிக் கம்பி வேண்டும்.

எர்த் சரியாக இருந்தும் முள் அசையாவிடில், டீசல் யந்திரத்தில் பின்வரும் சோதனையைச் செய்யலாம். சென்டரிலிருந்து மீட்டருக்குச் செல்லும் கம்பியைக் கழற்றித் தனியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், முள் ஒரு கோடிக்குச் செல்லும். அக்கம்பியின் நுனியைத் தொட்டிக்கு அப்பால், எஞ்சினின் வெற்று இரும்பில் ஒரு கணம் தொடுவித்தால் மறு கோடிக்குச் செல்லும். இவ்விதம் இரு கோடிக்கும் ஓடுமாயின் மீட்டரும் கம்பியும் நலமே. பழுது சென்டரில் உள்ளது. ஓடாவிடில் மீட்டரிலோ கம்பியிலோ தேட வேண்டும். தொடும்போது சிறு பொறி எழக்கூடும் ஆதலால், பெட்ரோல் தொட்டியின் அருகில் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது. பாட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுத்து சென்டரில் தொடுவித்தலும் தவறு; தடை எரிந்துபோம்.

புதியதை வாங்கும்போது

கடைக்குச் செல்பவர் பழைய உறுப்பைக் கையில் கொண்டுபோவதே நலம். உருவம் ஒத்திருந்தால் மாத்திரம் போதாது. சென்டர்களின் தடை அளவு எல்லாவற்றிற்கும் ஒன்றன்று. ஒருவகைச் சென்டரில் தொட்டி காலியாயிருக்கும்போது 240 ஓமும், நிறைந்திருக்கும்போது 33 ஓமும் இருக்கும். மற்றொரு வகையில் காலிக்கு 10 ஓமும், நிறைவுக்கு 180 ஓமும் இருக்கும். முன்னதற்குரிய மீட்டரில் பின்னதைப் பொருத்தினால், எண்ணெய் குறையக் குறைய முள் நிறைவை நோக்கி ஏறும் விந்தையைக் காணலாம். மீட்டரின் முதுகிலோ, யந்திரத்துடன் வந்த புத்தகத்திலோ ஓம் அளவு அச்சிடப்பட்டிருக்கும். பழைய சென்டரில் தடை அறவே அறுந்து போகாதிருந்தால், மல்டிமீட்டரைக் கொண்டு கையை மேலும் கீழும் அசைத்து அளந்தும் அறியலாம்.

அடுத்து, தொட்டியின் ஆழம். கையை நீட்டிக் குறைக்கக் கூடிய சென்டர்கள் பல ஆழங்களுக்கும் பொருந்தும். நிலைக்குத்தான குழாயில் மிதவை ஏறி இறங்கும் மாதிரியோ, குறிப்பிட்ட ஆழத்திற்கென்றே செய்யப்பட்டது. தொட்டியைவிட நீளமாயின் உள்ளே நுழையாது, குட்டையாயின் எண்ணெய் இருக்கும்போதே காலி என்று காட்டும்.

இங்கு ரப்பர் வாஷரைப் பற்றி ஒரு சொல். பழைய வாஷர் நைந்திருக்கக் கண்டு, சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி வைத்துவிடும் வழக்கம் எங்கும் உண்டு. டீசலும் பெட்ரோலும் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்துக் கூழாகி, துணுக்குகளாகத் தொட்டிக்குள் விழும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாஷர் சொற்ப விலைக்கே கிடைக்கிறது. குழாய்களுக்கு வைக்கும் வெள்ளைச் சிலிக்கான் பசையும் பெட்ரோலில் மிருதுவாகிவிடும். அதனையும் நம்புதல் வேண்டாம்.

கழற்றலும் பொருத்தலும்

எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட வேண்டும். வேலையைக் கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில், பகலில் வைத்துக்கொள்வது உத்தமம். பீடி, சுருட்டு, அடுப்பு, அரிக்கேன் விளக்கு எதுவும் அண்டையில் இருத்தல் கூடாது. பாட்டரியின் நெகடிவ் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். பெட்ரோலாயின், தொட்டியிலுள்ளதை மூடியுள்ள கலத்தில் இறக்கிவிடுதல் அவசியம். ஆயினும் இறக்கியபின் அபாயம் தீர்ந்ததென்று எண்ணலாகாது. நிறைந்த தொட்டியைக் காட்டிலும் வெறும் தொட்டியே கொடியது. ஏனெனில் எரிவது பெட்ரோலின் ஆவியேயாகும், வெறும் தொட்டியோ ஆவியும் காற்றும் கலந்து நிறைந்திருக்கிறது. அளவுமானியின் இருப்பிடத்தில் வெடிப்புக் கண்டிருந்தால், அத்தொட்டியைப் பற்றவைப்பதற்குச் சாமானியப் பட்டறைக்கு அனுப்பாமல் புதுத் தொட்டி வாங்குவதே விவேகம். ஓட்டையான மிதவையை ஈயம் வைத்து அடைத்தலும் இதே காரணத்தால் தகாது.

மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஸ்குரூவைத் தொடுமுன்னரே துடைத்தெடுக்க வேண்டும். இதில் காட்டும் ஐந்து நிமிஷப் பொறுமை நாஸிலின் ஆயுளை நீட்டிக்கும். பிறகு பழைய உறுப்பு எத்திசை நோக்கி அமர்ந்துள்ளது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு ஸ்குரூக்களைத் தளர்த்தலாம். பெரும்பாலான மின்சார சென்டர்களில் ஐந்து ஸ்குரூக்கள் உண்டு. துளைகள் சம இடைவெளியில் இராமையால், உறுப்பு ஒரே நிலையில்தான் அமரும். பெட்ரோல் யந்திரத்தின் அளவுமானிக்குப் பொதுவாக இரண்டே ஸ்குரூக்கள். உறுப்பை நேராக மேலே இழுக்கக் கூடாது. மிதவையின் கை நீண்டிருப்பதால், சிறிது தூக்கிச் சாய்த்து, கையைத் துளையின் வழியே வளைத்துக்கொண்டுவந்து எடுக்க வேண்டும். எடுத்தவுடன் துளையைச் சுத்தமான துணியால் மூடிவிட வேண்டும். தொட்டி திறந்திருக்கும்போது விழும் ஒரு சிறு வாஷரைத் தேடி எடுப்பதற்கு அரை நாள் செலவாகும்.

புது உறுப்பை மேஜையின்மேல் வைத்தே சோதித்துவிடுதல் நலம். மல்டிமீட்டரின் இரு கம்பிகளையும் அதன் முனைகளில் வைத்து, மிதவையை மெள்ள மேலேற்றினால் ஓம் எண் இடையில் அறுபடாமல் தொடர்ச்சியாக மாற வேண்டும். நடுவில் எண் மறைந்து தோன்றினால் அவ்வுறுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையின் நீளத்தைச் சரிசெய்யும்போது, மிதவை தொட்டியின் அடியில் தட்டுவதற்குச் சிறிது முன்னரே முள் காலியைக் காட்டும்படி வைக்க வேண்டும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இருந்தால் மிதவை அதில் உராயக் கூடாது. பொருத்திய பின் ஸ்குரூக்களை ஒன்றுக்கு எதிரான ஒன்றாக மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். ஒன்றையே முதலில் முற்றும் இறுக்கினால் தகடு கோணி எண்ணெய் கசியும். அதன்பின் எர்த், சென்டர் கம்பி, கடைசியாகப் பாட்டரியின் நெகடிவ் கம்பி என்ற வரிசையில் இணைக்கலாம்.

முள் காட்டுவதும் தொட்டியில் இருப்பதும்

புதிய அளவுமானி பழுதற்றதாயிருந்தும் கணக்கு உதைப்பதுண்டு. ஊராட்சியின் டீசல் கணக்கை எழுதுவோர் இப்பகுதியை ஊன்றி வாசித்தல் நலம். ஏனெனில், இதனை அறியாமையால் யந்திரத்தை ஓட்டும் பணியாளன்மீது திருட்டுப் பழி விழுகிறது.

படுக்கை வாட்டில் வைத்த பீப்பாய் வடிவமான, 100 லிட்டர் கொள்ளும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். முள் எண்ணெயின் உயரத்தையே காட்டுகிறது, அளவை அன்று. உயரம் பாதியாயிருக்கும்போது எண்ணெயும் பாதியே, அதாவது 50 லிட்டர்; இதில் குழப்பமில்லை. உயரம் கால் பங்காக இறங்கியபோது 25 லிட்டர் இருக்குமென்று எவரும் எண்ணுவர். உண்மையில் இருப்பது ஏறக்குறைய 19½ லிட்டரே; பீப்பாயின் அடி குறுகி வளைந்திருப்பதே காரணம். நிறைவிலிருந்து முக்கால்வரை இறங்கச் செலவாவதும் 19½ லிட்டர். முக்காலிலிருந்து அரைவரையும், அரையிலிருந்து கால்வரையும் தனித்தனியே 30½ லிட்டர்.

அன்றியும், எண்ணெய் செல்லும் குழாய் தொட்டியின் அடிமட்டத்தில் இராது. அடியில் தங்கும் நீரும் கசடும் எஞ்சினுக்குச் செல்லாதிருக்கும்பொருட்டுச் சிறிது மேலேயே வைக்கப்பட்டிருக்கும். தொட்டியின் குறுக்களவு 45 சென்டிமீட்டராகவும், குழாய் 3 சென்டிமீட்டர் மேலேயும் இருந்தால், சுமார் 3 லிட்டர் எப்போதும் எட்டாமலே கிடக்கும். ஆகவே முள் கால் என்று காட்டும்போது எஞ்சினுக்குக் கிடைக்கக் கூடியது 16½ லிட்டர் மாத்திரமே. மணிக்கு 3 லிட்டர் செலவழிக்கும் யந்திரம் இதைக்கொண்டு 5½ மணி நேரம் ஓடும். 25 லிட்டர் இருக்கிறதென்று நம்பியவரோ 8 மணி 20 நிமிஷம் ஓட வேண்டுமென்று கணக்கிட்டு, மூன்று மணி நேரத்து எண்ணெய் எங்கே போயிற்று என்று பணியாளனைக் கேட்பார். அவன் எங்கும் கொண்டுபோகவில்லை. பீப்பாயின் வளைவே அதனை விழுங்கியது.

இதற்குப் பரிகாரம், அளவுமானியை மாற்றிய அன்றே தொட்டியை அளந்துவிடுவதுதான். தொட்டியில் உள்ளதை முழுதும் இறக்கிவிட்டு, முத்திரையிட்ட அளவையால் ஐந்தைந்து லிட்டராக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெயின் அலைவு அடங்கியபின், முள் நிற்குமிடத்தைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, அலுமினியப் பட்டையிலும் ஒரு கீறல் இட வேண்டும். யந்திரம் சமதளத்தில் நிற்பது முக்கியம். சாய்ந்திருந்தால் குறிகள் அனைத்தும் பிழையாகும். இவ்வளவும் ஊராட்சித் தலைவர் அல்லது எழுத்தர் முன்னிலையில், பணியாளனையும் உடன் வைத்துக்கொண்டு செய்யப்பட்டால், பிற்பாடு வாக்குவாதத்திற்கு இடமிராது. எண்களில் காட்டும் யந்திரங்கள் சிலவற்றில் இந்த அளவுகளையே உள்ளே பதிந்துவிடவும் வழியுண்டு. அதனை யந்திரம் விற்றவரின் மெக்கானிக்கைக் கொண்டு செய்துகொள்ளலாம்.

செலவுக்கும் ஒரு மட்டக்கணக்கு உண்டு. டீசல் மின்னாக்கி ஒரு யூனிட் மின்சாரம் தருவதற்கு ஏறத்தாழ லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் செலவாகும். சிறிய யந்திரங்களிலும், பாரம் குறைவாக ஓடும்போதும் யூனிட்டுக்கு இதைவிடச் சற்று மிகும். 10 குதிரைத்திறன் பம்ப்பை ஓட்டுவதற்கு மணிக்கு 3 லிட்டர் என்று மேலே கொண்டது இக்கணக்கின்படியே. ஓடிய மணியும் ஊற்றிய எண்ணெயும் குறிப்பேட்டில் தேதிவாரியாக இருந்தால், அளவுமானி மறுபடி பொய் சொல்லத் தொடங்கும் நாளே தெரிந்துவிடும்.

காற்றை வெளியேற்றுதல்

தொட்டி ஒருமுறை வற்றி எஞ்சின் நின்றிருந்தால், டீசல் நிரப்பியபின் வடிகட்டியின் தலையிலுள்ள காற்றுத் திருகாணியைச் சிறிது தளர்த்த வேண்டும். தொட்டி எஞ்சினுக்கு மேலே இருப்பின் எண்ணெய் தானாகவே இறங்கும். கீழே இருப்பின் கைப்பம்ப்பின் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வரத் தொடங்கியதும் திருகாணியை இறுக்கிவிட்டு, அடுத்தபடியாக இன்ஜெக்ஷன் பம்ப்பிலுள்ள திருகாணியில் இவ்வாறே செய்தல் வேண்டும். பின்னும் புறப்படாவிடில், நாஸிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுழற்றி, எண்ணெய் கசிந்ததும் இறுக்க வேண்டும். அப்போது கையையோ முகத்தையோ அங்கு நீட்டலாகாது. அக்குழாயில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும் வேகமுடையது. ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு இயக்காமல் நீடித்து அழுத்திக்கொண்டிருந்தால் அது சூடேறிக் கெடும்.

எஞ்சின் புறப்பட்டு ஒரு நாழிகை ஓடியபின், அளவுமானியின் வாஷரைச் சுற்றி வெண்துணியால் ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரியும். கசிந்திருந்தால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டபின் ஸ்குரூக்களைக் கால் சுற்று இறுக்கலாம். முதல் ஒரு வாரம் நாள்தோறும் காலையில் அலுமினியப் பட்டையை விட்டு, அதன் கீறலும் முள்ளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவருதல் வேண்டும்.